பப்பாளிக் கன்றில் ஆண், பெண் பார்த்துக் கழிப்பது எப்படி?

பப்பாளி ஆளுயரத்துக்கு வளர்ந்து சரம் சரமாகப் பூக்கிறது, ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்பதில்லை. சத்து போதவில்லை என்று உரத்தைக் கூட்டுவதால் பயனில்லை. பெரும்பாலும் அது ஆண் மரமாகத்தான் இருக்கும்.

ஆண் பூ ஒரு செடியிலும் பெண் பூ வேறொரு செடியிலும் பூத்தால் அது ஈரில்லத் தாவரம். பனை, பேரீச்சை, ஜாதிக்காய், கோவை எல்லாம் இந்த வகை. பூசணி, தென்னை, மக்காச்சோளத்தில் இரண்டும் தனித்தனிப் பூக்கள்தான், ஆனால் ஒரே செடியில் பூக்கும். அவை ஓரில்லத் தாவரங்கள். (பூசணியில் முதலில் வரும் பூக்கள் பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிர்கின்றன என்று கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.) பப்பாளியில் இரகத்துக்கு இரகம் கணக்கு மாறும் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1. இரகத்தைக் கேட்டு வாங்குங்கள்

கோ 2, கோ 5, கோ 6 ஆகியவை ஈரில்ல இரகங்கள். விதையில் ஏறக்குறைய பாதி ஆண், பாதி பெண். கோ 3, கோ 7, ரெட் லேடி ஆகியவற்றில் ஆண் மரம் கிடையாது. பெண் மரமும், ஆண் பெண் உறுப்புகள் ஒரே பூவில் உள்ள இருபால் மரமும் வரும். வீட்டில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் இந்த இரண்டாவது வகையே சரி.

2. ஒரு பைக்கு 4 விதை

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையைத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். உறை இருந்தால் முளைப்பு தாமதமாகும். பைக்கு 4 விதையாக, சுமார் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். முளைத்ததும் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிடும் பழக்கம் இங்கே ஆகாது. ஈரில்ல இரகத்தில் ஒற்றைக் கன்று ஆணாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. நான்கும் ஆணாக இருக்க 16-ல் ஒன்றுதான்.

3. நடவு

சுமார் 60 நாள் கன்றை, 1.8 மீட்டர் இடைவெளியில் 45 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழியில் நடுங்கள். நான்கு கன்றுகளும் ஒரே குழியில் இருக்கட்டும். தண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகும். மண்ணைச் சற்று மேடாக அணைத்துவிடுங்கள்.

4. பூவைப் பாருங்கள், வேறு எதையும் நம்பாதீர்கள்

விதையின் நிறம், வேரின் வடிவம், இலையின் வெட்டு என்று பல அடையாளங்கள் சொல்வார்கள். ஆய்வகச் சோதனை தவிர, பூக்கும் முன் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

ஆண்: நீண்டு தொங்கும் கிளைத்த காம்பில் சின்னச் சின்னக் குழல் பூக்கள் நிறைய இருக்கும்.

பெண்: தண்டை ஒட்டி, குட்டைக் காம்பில் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வரும். மொட்டே அடி பருத்திருக்கும். இதழை விலக்கினால் உருண்டையான சூலகமும் (காயாக மாறும் பகுதி) அதன் தலையில் விசிறி போன்ற ஐந்து சூல்முடிகளும் (மகரந்தம் ஒட்டும் நுனிகள்) தெரியும். மகரந்தப் பை இருக்காது.

இருபால்: பெண் பூவைவிட ஒல்லியானது, சூலகம் நீண்டது, சுற்றிலும் மகரந்தப் பைகள் உண்டு. பெண் மரத்தின் காய் உருண்டை. இதன் காய் நீளம்.

ஐயமாக இருந்தால் ஒரு பூவைப் பறித்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். முதல் பூவோடு முடிவு கட்டாமல் இன்னும் சில பூக்கள் வரும்வரை பொறுப்பது நல்லது.

5. கழித்தல்

குழிக்கு ஒரு மரம் மட்டும் நிற்க வேண்டும். ஈரில்ல இரகத்தில் பெண்ணை நிற்க விடுங்கள். 20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் என்ற கணக்கில் தோட்டத்தில் பரவலாக ஆண் மரங்களும் இருக்கட்டும். ஆண் மரம் முழுவதையும் வெட்டிவிட்டால் பூ உதிரும், அல்லது விதையில்லாத சிறு காய்களே மிஞ்சும். கோ 3, கோ 7 போன்றவற்றில் இருபால் மரத்தை நிற்க விட்டுப் பெண்ணை எடுக்கலாம். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் அறுபடும். தரையோடு ஒட்டி அறுப்பதே நல்லது.

உரம் இதற்குப் பிறகுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து தலா 50 கிராம் கொடுங்கள். அதற்கு முறையே யூரியா 110 கிராம், சூப்பர் பாஸ்பேட் 310 கிராம், பொட்டாஷ் 83 கிராம் வேண்டும்.

6. ஆண் மரம் அருகில் இல்லையென்றால்

அன்று விரிந்த ஆண் பூக்களைக் காலையில் பறித்து, குழலைக் கிழித்து, உள்ளே உள்ள மஞ்சள் நிற மகரந்தத் தூளைப் பெண் பூவின் ஐந்து சூல்முடிகளிலும் மெதுவாகத் தடவுங்கள். நனைந்த பூ வேண்டாம்.

கடும் கோடையில் இருபால் மரம் காய்பிடிக்காமல் போவதுண்டு. வெக்கை தணிந்ததும் மறுபடி காய்க்கும், வெட்ட வேண்டாம். ஆண் மரத்தில் நீண்ட காம்பின் நுனியில் எப்போதாவது ஒன்றிரண்டு காய் தொங்கலாம். அதைப் பெண் என்று எண்ணிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.