செம்பாறைப் பாலைவனத்தில் நான்கு இரவு: குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு

முதல் தடவை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போனபோது எங்களைப் பிடித்தது பேராசை. மாநிலத்தின் தெற்குப் பாதியில் சயான், பிரைஸ் கேன்யன், கேப்பிடல் ரீஃப், கேன்யன்லேண்ட்ஸ், ஆர்ச்சஸ் என்று ஐந்து தேசியப் பூங்காக்கள். ஐந்து நாள், ஐந்து பூங்கா. கணக்கு அழகாகத்தான் இருந்தது. தினமும் மூட்டை கட்டி, காரில் ஏறி, இறங்கி, போட்டோ எடுத்து, மறுபடி ஏறினோம். வீடு திரும்பியதும் எது பிடித்தது என்று சின்னவளிடம் கேட்டேன். "மோட்டல் நீச்சல் குளம்" என்றாள்.

அடுத்த தடவை ஒரே ஊரில் நான்கு இரவு தங்கினோம். கூடவே ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரும் இருந்தார். அந்தப் பயணம் நன்றாக அமைந்ததால், அதை எப்படித் திட்டமிட்டோம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ஒரு ஊரைப் பிடியுங்கள்

நாங்கள் பிடித்த ஊர் மோவாப். கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர். ஆர்ச்சஸ் பூங்காவின் வாசல் ஊரிலிருந்து 5 மைல்தான். கேன்யன்லேண்ட்ஸின் 'ஐலண்ட் இன் தி ஸ்கை' பகுதிக்குக் காரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். குழந்தை அழுதாலும், யாருக்காவது தலை வலித்தாலும், திரும்பி வர ஓர் அறை பக்கத்திலேயே இருக்கிறது என்ற நிம்மதி பெரியது.

சால்ட் லேக் சிட்டியில் இறங்கினால் சுமார் 235 மைல், 4 மணி நேரம். கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் அங்கே விமானங்கள் குறைவு. லாஸ் வேகாஸிலிருந்து வருவதாக இருந்தால் மோவாபை மறந்துவிட்டு சயானுக்கே போங்கள், அது மூன்று மணி நேரத்துக்குள். இல்லை, மோவாப்தான் வேண்டும் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: ஐ-70 நெடுஞ்சாலையில் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் நடுவே 100 மைலுக்கு மேல் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது. சலைனாவிலேயே டாங்க்கை நிரப்பி, எல்லோரையும் பாத்ரூமுக்கு அனுப்பிவிடுங்கள்.

படி 2: மாதம்

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். இந்த மாதங்களில் பகலில் 15 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஜூலையில் சராசரியாகவே 38ஐத் தொடும். சென்னைக் கத்திரி வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதென்ன பெரிய வெயில் என்று தோன்றும். வித்தியாசம், இங்கே வியர்வை தெரியாது. தோலில் வந்ததும் காய்ந்துவிடும். உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். மே கடைசியிலிருந்து ஜூன் வரை காதோரத்தில் கடிக்கும் பொடிப் பூச்சிகளும் உண்டு.

இன்னொன்று: பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம். அக்டோபரில் மதியம் அரைக்கை சட்டையில் திரிந்தவர்கள் ராத்திரி குல்லாவைத் தேடினோம்.

தேதியை முடிவு செய்யும் முன் தினசரிக் காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். கேன்யன்லேண்ட்ஸ் 2015இலும் ஆர்ச்சஸ் 2019இலும் இருள் வானப் பூங்காக்களாக அங்கீகாரம் பெற்றவை. அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வெளி மண்டலம் தலைக்கு மேல் வெறும் கண்ணுக்கே தெரியும். பௌர்ணமியில் போனால் பாறைகள் அழகு, நட்சத்திரங்கள் குறைவு. நான் அமாவாசைக் கட்சி.

படி 3: பதிவும் பாஸும்

கூடாரம் போட ஆர்ச்சஸுக்குள் இருப்பது ஒரே கேம்ப்கிரவுண்ட், டெவில்ஸ் கார்டன். மொத்தமே 51 இடங்கள். ஆறு மாதம் முன்பே ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு திறக்கும், சீசனில் சீக்கிரமே தீர்ந்துவிடும். தண்ணீரும் கழிப்பறையும் உண்டு, குளிக்க வசதி இல்லை. கிடைக்காவிட்டால் 128ஆம் எண் சாலையில் ஆற்றை ஒட்டியே முதலில் வருபவருக்கு முதலில் என்ற கணக்கில் அரசு முகாம்கள் இருக்கின்றன. அங்கே குடிநீர் கிடையாது, கொண்டுபோக வேண்டும். கூடாரம் புதிது என்றால் முதல் இரண்டு இரவு மோட்டல், அடுத்த இரண்டு இரவு கூடாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூடாரத்தை வீட்டுப் புல்வெளியில் ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். காற்றில் பறக்கும் டென்ட்டைப் பிடித்துக்கொண்டு செய்முறைக் காகிதம் படிப்பது கணவன் மனைவி உறவுக்கு நல்லதல்ல.

கட்டணம்: ஆர்ச்சஸுக்கும் கேன்யன்லேண்ட்ஸுக்கும் காருக்குத் தலா 30 டாலர், ஏழு நாள் செல்லும். எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டு பாஸ், அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டவருக்கு அதே பாஸ் 250 டாலர். ஊரிலிருந்து தனியாக வரும் உறவினர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால், அந்த ஆண்டு முழுவதும் காரில் வரும் குடும்பத்துக்கே இலவச பாஸ் உண்டு. நாங்கள் போன இடங்களில் டெட் ஹார்ஸ் பாயின்ட் மட்டும் மாநிலப் பூங்கா. இந்தப் பாஸ் எதுவும் அங்கே செல்லாது.

ஆர்ச்சஸில் சில ஆண்டுகளாக நுழைவு நேரத்தைக்கூட முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. இந்த விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் ஒரு தடவை பாருங்கள்.

படி 4: கோயில் நடை நேரம்

நம் ஊர்க் கோயில்களில் உச்சிகால பூஜை முடிந்ததும் நடை சாத்துவார்கள். நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். பாலைவனத்துக்கும் அதே நேரம்தான். விடிந்ததிலிருந்து பத்தரை மணி வரை ஒரு தரிசனம், நாலரைக்கு மேல் இருட்டும் வரை இன்னொன்று. நடுவில் நடை சாத்தியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குளம், குட்டித் தூக்கம், ஊர் நூலகம், ஐஸ்கிரீம். முதல் பயணத்தில் நாங்கள் நடந்ததெல்லாம் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில்தான். அந்த நேரத்தில் பாறையில் நிறம்கூட இருக்காது, வெளுத்துப்போய்த் தெரியும். சாய்ந்த வெயில் பட்டால்தான் அந்தச் சிவப்பு வரும்.

இந்தக் கணக்கில் நாங்கள் நடந்தது இப்படி. வந்து சேர்ந்த சாயங்காலம் ஆர்ச்சஸில் பேலன்ஸ்டு ராக்கும், டபுள் ஆர்ச் என்ற இரட்டைப் பாறை வளைவும். பீடத்தோடு சேர்த்து 39 மீட்டர் உயரம் வரும் அந்த உருண்டைப் பாறையைச் சுற்றிவரக் கால் மணி நேரம். டபுள் ஆர்ச்சுக்குப் பாதை ஏறக்குறைய சமதளம். மாமியார் கைத்தடியோடு நிதானமாக நடந்துவந்தார்.

மறுநாள் காலை டெவில்ஸ் கார்டனில் லேண்ட்ஸ்கேப் ஆர்ச். போய்வர 3 கிலோமீட்டர். 93 மீட்டர் அகலத்துக்கு நாடா மாதிரி மெலிந்து நிற்கும் வளைவு. 1991இல் அதிலிருந்து 18 மீட்டர் நீளப் பாளம் ஒன்று உடைந்து விழுந்தது. அதன் பிறகு அடியில் போகும் பாதையை மூடிவிட்டார்கள். திரும்பும் வழியில் சாண்ட் டூன் ஆர்ச்சில் நிறுத்துங்கள். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நிழல், அடியில் மாவு மாதிரி மணல். எங்கள் பிள்ளைகள் ஒரு மணி நேரம் அங்கிருந்து கிளம்பவே இல்லை. சிறு குழந்தையோடு போகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

அன்று சாயங்காலம் டெட் ஹார்ஸ் பாயின்ட். 600 மீட்டர் கீழே கொலராடோ ஆறு வளைந்து திரும்புவதை மேலே நின்று பார்க்கலாம்.

மூன்றாம் நாள் இருட்டிலேயே எழுந்து கேன்யன்லேண்ட்ஸில் மீசா ஆர்ச். சூரியன் எழும்போது வளைவின் அடிப்பக்கம் தணல் மாதிரி சிவக்கும். அக்டோபர் நடுவில் ஏழரை மணிக்குத்தான் சூரியோதயம், அதனால் பிள்ளைகளை எழுப்புவது அவ்வளவு கொடுமையில்லை. மே மாதத்தில் ஆறு மணிக்கே. போட்டோக்காரர்கள் முக்காலிகளோடு முன்னாலேயே வந்திருப்பார்கள். வளைவுக்குப் பின்னால் நேரே பள்ளம், கம்பி வேலி கிடையாது. சின்னவள் கையை நான் விடவே இல்லை.

டெலிகேட் ஆர்ச்சைக் கடைசி சாயங்காலத்துக்கு வைத்திருந்தோம். போய்வர 3 மைல், வழியில் மொட்டைப் பாறை மேல் நீண்ட ஏற்றம், மருந்துக்கும் நிழல் இல்லை. முடியும் இடத்தில் பாறை விளிம்பை ஒட்டிய ஒதுக்குப் பாதை. ஏழெட்டு வயதுக்கு மேல், நடந்து பழகிய பிள்ளைகள் என்றால் சரி. அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கும்போது இருட்டிவிடும்; ஆளுக்கொரு தலைவிளக்கு வேண்டும். மாமியாரோடு என் கணவர் கீழேயே ஒரு பார்வை மேடைக்குப் போனார். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சில நிமிட நடை, தூரத்தில் வளைவு சிறியதாகத் தெரியும்.

பிள்ளைகள் "இதெல்லாம் யார் செதுக்கினது?" என்று கேட்பார்கள். பதிலைக் கையில் வைத்திருங்கள். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல். அது வந்து வந்து வற்றியதில் கனத்த உப்புப் படுகை தங்கியது. மேலே மணல் சேர்ந்து பாறையானதும், எடை தாங்காமல் அடியிலிருந்த உப்பு பிதுங்கி நகர்ந்து, மேற்பாறை பொங்கி வெடித்தது. வெடிப்பில் இறங்கிய மழைநீர் குளிரில் பனிக்கட்டியாகி, விரிந்து, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லு பெயர்த்தது. மிஞ்சிய தகடுகளில் ஓட்டை விழுந்தால் வளைவு. ஆர்ச்சஸில் மட்டும் இப்படி 2,000க்கு மேல் இருக்கின்றன. நிறத்துக்குக் காரணம் இரும்பு. மொட்டை மாடிக் கம்பியிலிருந்து சுவரில் வழியும் அதே துரு.

படி 5: தண்ணீர், உப்பு, கட்டுச்சோறு

பூங்கா நிர்வாகம் சொல்லும் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நான்கு பேர் என்றால் 16 லிட்டர். பெரிய கேன் ஒன்றைக் காரில் வைத்து, காலையில் ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். ஆர்ச்சஸில் பார்வையாளர் மையத்தை விட்டால் டெவில்ஸ் கார்டனில்தான் தண்ணீர். கேன்யன்லேண்ட்ஸில் சாப்பாட்டுக் கடையே கிடையாது. நடக்கும்போது எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றுதான்: கையிலிருக்கும் தண்ணீரில் பாதி தீர்ந்தால், வளைவு கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது. அதை ஈடுகட்டாவிட்டால் தலைசுற்றும், வாந்தி வரும். இங்கே நம் சமையல் கைகொடுக்கிறது. புளியோதரையும் எலுமிச்சை சாதமும் உப்பு, எண்ணெய், சாதம் மூன்றும் சேர்ந்த பயணச் சாப்பாடு. கூடவே உப்புக் கடலை, ஊறுகாய். தயிர் சாதம் ஐஸ் பெட்டிக்குள் இருந்தால் மட்டும். முறுக்கு நொறுங்கும், ஆனால் நொறுங்கினதையும் பிள்ளைகள் விடவில்லை.

படி 6: வேண்டாதவை

முதலாவது, வெள்ளம். பாலைவனத்தில் வெள்ளமா என்று சிரிக்காதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை வரும். காய்ந்த பாறை நீரை உறிஞ்சாது. எங்கோ பல மைல் தள்ளிப் பெய்த மழை குறுகிய பள்ளத்தாக்கில் சுவர் மாதிரி பாய்ந்து வரும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இப்படித்தான் இறந்தார்கள். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருப்பது ஒன்றுக்கும் உத்தரவாதமில்லை. இடுக்குப் பள்ளத்தாக்குகளுக்குள் போகும் முன் பூங்காக் காவலரான ரேஞ்சரிடம் கேளுங்கள். 'இன்று வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

இரண்டாவது, பாதையோர மண். கறுப்பாக, பொருபொருவென்று மேடிட்டுத் தெரிவது அழுக்கில்லை. நுண்ணுயிர்கள் சேர்ந்து கட்டிய உயிருள்ள மேலோடு. மணல் பறக்காமல் பிடித்துவைப்பது அதுதான். ஒரு காலடி பட்டால் பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் ஆகும். பாதையிலும் மொட்டைப் பாறையிலும் மட்டும் நடங்கள். பாறை ஓவியங்களைத் தொடாதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், தேசியப் பூங்காக்களில் தடை.

கைபேசி பல இடங்களில் எடுக்காது. வரைபடத்தை முந்தின நாள் இரவே இறக்கி வைத்துவிடுங்கள்.

படி 7: பிள்ளைகளுக்கு ஒரு வேலை

பார்வையாளர் மையத்தில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேளுங்கள். உள்ளே உள்ளவற்றைச் செய்து முடித்துக் காட்டினால், ரேஞ்சர் உறுதிமொழி சொல்ல வைத்து பேட்ஜ் கொடுப்பார். "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி எங்கள் காரில் அன்றோடு பாதியாகக் குறைந்தது. பெரியவன் உறுதிமொழி எடுத்த கையோடு, கறுப்பு மண்ணை மிதிக்கப்போன தன் அப்பாவையே அதட்டினான்.

மூட்டை கட்டும்போது அகலத் தொப்பி, தாடைக்கு நாடா வைத்தது, காற்று பலம். முழுக்கைச் சட்டை, பிடிப்புள்ள ஷூ, ராத்திரிக்கு ஸ்வெட்டர். வெள்ளை சாக்ஸ் மட்டும் வேண்டாம். எங்களுடையதை நான்கு தடவை துவைத்தாயிற்று, இன்னும் செங்கல் நிறம்தான்.