கல்லாவில் தனியாக நிற்பவருக்கும் 20 நிமிடம் உண்டு

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் கும்பகோணம் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் இங்கிலாந்து போகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்து, எடை கூடினால் அப்பளத்தை எடுப்பதா வத்தலை எடுப்பதா என்று அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்வார்கள். லண்டனில் 8 வருடம் கடைகளில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் என்னையும் கூப்பிடுவார்கள். குளிர்கோட்டு இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா, குக்கர் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். கடை வேலையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி அக்டோபரில், அங்கிருந்து வரும்.

போன வருடம் பாபநாசம் பக்கத்துப் பையன் ஒருவன் கூப்பிட்டான். இங்கே விடியற்காலை நாலரை, அங்கே நள்ளிரவு. கடையை மூடிவிட்டு பஸ்ஸுக்கு நின்றபடி பேசினான். மதியம் 3 மணியிலிருந்து இரவு 11:30 வரை தனியாகக் கல்லாவில். "பிரேக்னு தனியா கிடையாதாம் அண்ணே. ஆள் வராதப்ப உக்காந்து சாப்ட்டுக்கன்னு ஓனர் சொல்றாரு. இதான் இங்க வழக்கமா?"

வழக்கம்தான், பல சின்னக் கடைகளில். ஆனால் சட்டம் அப்படி இல்லை. இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து கடையில் சேர்ந்திருக்கும் நம் டெல்டா பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு அந்தச் சாப்பாடு நன்றாகத் தெரியும். கல்லாவுக்குக் கீழே, சிகரெட் அலமாரிக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்திருப்பேன். புளிச்சோறு. மூடியைத் திறந்து ஒரு வாய் வைத்ததும் கதவு மணி அடிக்கும். மூடியை மூடு, கையைத் துடை, பால் பாக்கெட்டுக்குக் காசு வாங்கு, மறுபடி திற. ஒரு ராத்திரி எண்ணிப் பார்த்தேன், 11 தடவை. கடைசிக் கவளம் சாப்பிடும்போது சோறு விறைத்துப்போய் விரலில் ஒட்டவே இல்லை. அதை நான் பிரேக் என்று நினைத்துக்கொண்டுதான் 2 வருடம் ஓட்டினேன்.

அங்கே 1998ஆம் ஆண்டு வேலை நேர ஒழுங்குவிதிகள் என்று ஒன்று வந்தது. ஒரே நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிற யாருக்கும், இடையூறு இல்லாத 20 நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது அது. நிரந்தர வேலையா, இத்தனை மணி நேரம் என்ற உத்தரவாதமே இல்லாத ஒப்பந்தமா என்பது பொருட்டில்லை. மாணவர் விசாவில் இருந்தாலும் உண்டு. இதில் 20 என்ற எண்ணைவிட முக்கியமான சொல் 'இடையூறு இல்லாத' என்பதுதான். அந்த நேரம் உங்களுடையது. கல்லாவை விட்டு விலகிப் போகலாம், வெளியே போய் நிற்கலாம், வீட்டுக்குப் பேசலாம். ஷிஃப்டின் நடுவில் வர வேண்டும். "கடைசி 20 நிமிஷத்துல கிளம்பிடு, அதான் உன் பிரேக்" என்பது செல்லாது.

சரி, ஆள் வராத நேரம்? 2004இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் தொழிலாளர்களின் வழக்கு அது. ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவில் சும்மா இருந்த நேரத்தையே ஓய்வு என்று நிறுவனம் காட்டியது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிற நேரம் ஓய்வாகாது; 'இது என் ஓய்வு, இத்தனை நிமிடம்' என்று ஆரம்பிக்கும்போதே தெரிந்திருந்தால்தான் ஓய்வு என்றது. கதவு மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு சாப்பிடுகிற கடைப் பையனுக்கும் இது அப்படியே பொருந்தும்.

காவல் பணி போல ஒருவர் அங்கேயே இருந்தாக வேண்டிய சில வேலைகளுக்கு விலக்கு உண்டு. அங்கேயும் அந்த ஓய்வுக்கு ஈடான ஓய்வை வேறு நேரத்தில் கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே "நீ தனி ஆள், அதனால உனக்கு பிரேக் இல்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 20 நிமிடம் குறைச்சல்தான். 12 மணி நேரம் நின்றாலும் அந்தச் சட்டம் கட்டாயமாகத் தருவது அந்த ஒரு 20 நிமிடம்தான்; அதற்கு மேல் வேண்டுமென்றால் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சட்டம் ஏட்டில் இதைவிடப் பெரிது. 1947ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஒரு மணி நேர ஓய்வு கொடுக்காமல் ஒருவரை 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. லண்டன் போவதற்கு முன் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் 3 தீபாவளி நின்றிருக்கிறேன். இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று எங்கள் மாடியில் ஒருவருக்கும் தெரியாது. குடோனில் துணி மூட்டை மேல் உட்கார்ந்து 10 நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டுப் படியேறுவோம். சேலைப் பிரிவில் இருந்த அக்காக்களுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாக நிற்கும். கடைகளில் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்ற திருத்தம் 2021இல்தான் இங்கே வந்தது. இங்கிலாந்தில் 1992 விதிகளிலேயே, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்குத் தகுந்த இருக்கை தர வேண்டும் என்று இருக்கிறது. அப்புறம் குடிநீர், கழிப்பறை, உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம், இதெல்லாம் கடைக்காரர் செய்யும் தயவு இல்லை, அதே விதிகளில் உள்ளவை.

இனி சம்பளம். பிரேக்குக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். அநேகமான கடைகளில் அரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்வார்கள். கழிக்கட்டும். ஆனால் கழித்த அரை மணியிலும் கல்லாவில் நின்றிருந்தால் அது வேலை நேரம், அதற்குக் கூலி உண்டு. பாபநாசம் பையனின் சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். எட்டரை மணி நேரம் நின்றவனுக்கு 8 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். ஓய்வும் இல்லை, காசும் இல்லை. உங்கள் சீட்டை முதல் மாதமே எடுத்து, நின்ற நேரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

அதே விதிகளில் இன்னும் இரண்டு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் ஆரம்பிக்க 11 மணி நேர இடைவெளி வேண்டும். இரவு 11க்குக் கடையைப் பூட்டிவிட்டு, காலை 6 மணிக்குப் பேப்பர் கட்டு பிரிக்க வா என்றால் நடுவில் 7 மணி நேரம்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முழு நாள், இல்லை இரண்டு வாரத்துக்கு இரண்டு நாள் விடுமுறையும் உண்டு. வேலைக்குச் சேரும்போது நீட்டுகிற காகிதங்களில், வாரம் சராசரி 48 மணி நேரம் என்ற வரம்பை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு தாள் இருக்கலாம். அதில் கையெழுத்துப் போடாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. போட்டுவிட்டாலும் முன்னறிவிப்புக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். அந்தக் கையெழுத்து பிரேக்கை எழுதிக்கொடுத்ததாக ஆகாது.

கேட்பதுதான் கஷ்டம். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் சொந்தக்காரர் சொல்லி, ஊர்க்காரர் சொல்லித்தான். கடைக்காரர் நம்மைப் போலவே தமிழர், 'அண்ணே' என்று கூப்பிடுகிறோம், தீபாவளிக்கு வீட்டில் சாப்பாடு போடுகிறார். அவரிடம் போய் 20 நிமிடத்துக்குக் கணக்குக் கேட்பது நன்றிகெட்டதனம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவரும் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் நிற்கிறவராக இருக்கலாம். ஆனாலும் சாப்பாடு போட்ட அன்பு வேறு, வேலைக்கான ஓய்வு வேறு. மரியாதையோடே கேட்கலாம். "அண்ணே, 6 மணி நேரத்துக்கு மேல நிக்கிற நாள்ல 20 நிமிஷம் பிரேக் எப்ப எடுத்துக்கட்டும்? 7 மணி வாக்குல நீங்க இல்ல வேற யாராவது கல்லாவப் பாத்துக்க முடியுமா?" இதை வாய்ச்சொல்லாக விடாமல் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். 'பிரேக் உண்டா' என்று கேட்காமல் 'எப்போது' என்று கேளுங்கள். ஆள் மாற்ற முடியாத கடையில், 20 நிமிடத்தில் திரும்புவோம் என்று கதவில் எழுதி மாட்டிவிட்டுப் பூட்டலாம். அப்படிச் செய்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன், வாடிக்கையாளர் காத்திருந்து வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

கேட்கவே இல்லையென்றாலும் உரிமை போய்விடாது. 2016இல் பஸ் நிறுவன ஊழியர் ஒருவர் வழக்கில், ஓய்வு எடுக்க வழி இல்லாதபடி வேலையை அமைத்தாலே அது மறுத்ததற்குச் சமம் என்று வேலை வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. ஓய்வு கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால், சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தாலும் அது நியாயமற்ற நீக்கம். ஆனாலும் கையில் ஆதாரம் இருக்கட்டும். எத்தனை மணிக்கு வந்தேன், எப்போது போனேன், ஓய்வு கிடைத்ததா என்று தினமும் போனில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஷிஃப்ட் அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். "மேல் நேரத்துக்குக் கையில காசு தர்றேன்" என்பார்கள். அதற்கு ஒப்புக்கொண்ட பிள்ளைகளால் அப்புறம் எதையுமே கேட்க முடிவதில்லை. வாயைத் திறந்தால் விசா என்று மிரட்டுகிறார்கள். படிப்பும் விசாவும் பறிபோகிற ஆபத்து அது. நிலத்தை அடமானம் வைத்து அனுப்பிய வீடுகள் எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

பேசித் தீரவில்லை என்றால் வேலைப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பைக் கூப்பிடுங்கள். 0300 123 1100. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வட அயர்லாந்துக்கு வேறு அமைப்பு இருக்கிறது. தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன் சமரசத்துக்கு ஏகாஸில்தான் பதிய வேண்டும். காலக்கெடு உண்டு என்பதால், ஓய்வு மறுத்த நாளிலிருந்து 3 மாதம் முடிவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். கடைத் தொழிலாளர்களுக்கென்றே உஸ்டா என்ற தொழிற்சங்கமும் இருக்கிறது. 1947இல் தொடங்கியது. சின்னக் கடையில் வேலை பார்க்கிறவர்களும் சேரலாம்.

பாபநாசம் பையன் குறுஞ்செய்தி அனுப்பினான். 2 நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஓனர் மச்சானை அனுப்பியிருக்கிறார், ஏழேகால் மணிக்கு. பின்பக்கம் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறையில் ஒரு ஸ்டூல் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டானாம். சாப்பிட்டு முடித்தும் 9 நிமிடம் மிச்சம் இருந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன் என்றான்.