பட்டியலில் ‘இல்லை’ என்று எழுதும் முன்

எந்த மாட்யூல் (நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நூலகம்) எந்த லினக்ஸ் வகையில் பேக்கேஜாக, அதாவது நிறுவும் பொதியாக, கிடைக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். படங்களைக் கையாளும் பைத்தான் மாட்யூலான பில்லோ, டெபியன் லினக்ஸில் இல்லை என்று ஒருமுறை அதில் எழுதி வைத்திருந்தேன். அதை நம்பி, கூட வேலை பார்த்தவர் பைத்தானின் சொந்த நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவினார். டெபியனில் அது ‘பைத்தான்3-பில்’ என்ற பெயரில் ஏற்கெனவே இருந்தது. ஒரே மெஷினில் இரண்டு பிரதிகள். எது ஓடுகிறது என்று கண்டுபிடிக்க அரை நாள் போனது. ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எழுதியதுதான் தவறு. இந்த வேலையில் நடக்கும் பிழைகளில் பல இந்த வகைதான்.

பெயரை ஊகிக்காதீர்கள். டெபியன், பைத்தான் பேக்கேஜுக்கு, பைத்தானின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் உள்ள பெயரை வைப்பதில்லை. நிரலில் இம்போர்ட் செய்யும் பெயரை வைக்கிறது. பியூட்டிஃபுல்சூப்4 அங்கே ‘பைத்தான்3-பிஎஸ்4’, யாம்ல் கோப்புகளைப் படிக்கும் நூலகமான பையாம்ல் ‘பைத்தான்3-யாம்ல்’. பெர்ல் மொழியின் மாட்யூல்களில் சிக்கல் இன்னும் ஆழம். ஜேசன்::எக்ஸ்எஸ் மாட்யூல் ‘லிப்ஜேசன்-எக்ஸ்எஸ்-பெர்ல்’ ஆகிறது. சரி, இதுதான் விதி என்று எல்டபிள்யூபி::யூசர்ஏஜென்டைத் தேடினால் கிடைக்காது. அது ‘லிப்டபிள்யூடபிள்யூடபிள்யூ-பெர்ல்’ பேக்கேஜுக்குள் இருக்கிறது. டெஸ்ட்::மோர் போன்றவை பெர்லோடு சேர்ந்தே வருகின்றன. சிஜிஐ மாட்யூலும் அப்படித்தான் இருந்தது. 2015இல் வந்த பெர்ல் 5.22இல் அதை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆக, பெர்ல் பதிப்பு மாறினால் பட்டியலும் மாறும்.

பெயரை விட்டுவிட்டுக் கோப்பைத் தேடுவதுதான் நல்ல வழி. மாட்யூலின் கோப்புப் பாதையை டெபியனின் தேடல் கருவியான ஆப்ட்-ஃபைலிடம் கொடுத்தால், நிறுவாத பேக்கேஜ்களிலும் தேடிச் சொல்லும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் வேலை இன்னும் சுலபம்: பேக்கேஜ் தனக்குள் இருக்கும் பெர்ல் மாட்யூல்களின் பெயர்களைத் தானே அறிவிக்கிறது, அந்தப் பெயரை வைத்தே அதன் பேக்கேஜ் கருவியான டிஎன்எஃப்பிடம் கேட்கலாம்.

அடுத்தது பதிப்பு எண். பெர்ல் மாட்யூல் ஒன்று 1.25க்குப் பிறகு 1.3 என்று வெளியாகிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்லுக்கு இது தசம எண், அதனால் 1.3தான் புதியது. டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தனி எண்ணாகப் படிக்கும். 25 பெரியது, 3 சிறியது, எனவே அதற்கு 1.25தான் புதியது. பேக்கேஜ் செய்பவர் ஒரு பூஜ்யம் சேர்த்து 1.30 என்று போட்டுச் சமாளிப்பார். உங்கள் ஸ்கிரிப்ட் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்று சொல்லும். அப்புறம் ‘1:2.4+டிஎஃப்எஸ்ஜி-3’ மாதிரி எண்கள் வரும். அதில் மூல ஆசிரியர் வெளியிட்டது நடுவில் இருக்கும் 2.4 மட்டும். மற்றவை டெபியன் சேர்த்தவை. ஒப்பிடும் முன் அவற்றை நீக்கிவிடுங்கள்.

எண் பழையது என்பதால் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம். டெபியனின் நிலையான வெளியீடான ஸ்டேபிளில் பெரும்பாலும் புதிய பதிப்பைக் கொண்டுவராமல், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் சேர்ப்பார்கள். கடைசியில் ‘+டெப்12யு1’ போல ஒரு வால் மட்டும் கூடும். பட்டியலில் சிவப்பு அடிக்கும் முன் அந்த வாலையும், மாற்றங்களின் பதிவான சேஞ்ச்லாகையும் பாருங்கள். எத்தனையோ பேர் கவனமாகச் செய்த வேலை அதில் இருக்கிறது.

வெறுமனே ‘டெபியனில் உண்டு’ என்று எழுதுவதும் போதாது. ஸ்டேபிளிலா, டெஸ்டிங்கிலா, அன்ஸ்டேபிளிலா? உபுண்டு லினக்ஸ் என்றால், அதன் களஞ்சியப் பிரிவுகளில் மெயினிலா, யுனிவர்ஸிலா? என் பட்டியலில் இப்போது ஒவ்வொரு வரியிலும் வெளியீட்டின் பெயரும் சரிபார்த்த தேதியும் இருக்கின்றன. நிலைக்கு மூன்று சொற்கள் வைத்திருக்கிறேன்: உண்டு, இல்லை, பார்க்கவில்லை. கோப்பு வழியாகத் தேடிய பிறகுதான் ஒரு மாட்யூல் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு நகரும்.