பேல் ஏலைத் திட்டுவதற்கு முன் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

பேல் ஏல் என்ற பீர் வகையில் ஒன்றைப் பற்றி ரொம்ப நாள் மோசமாகப் பேசித் திரிந்தவன் நான். காய்ச்சிய ஆலை, அதாவது ப்ரூவரி, எது என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தப்பு அவர்கள் மேல் இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, பழைய தேன் மாதிரி ஒரு மந்தமான இனிப்பு, அதற்கு மேல் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் கசப்பு, இதையா இத்தனை பேர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று கேட்டவரிடம் எல்லாம் சொன்னேன், கேட்காதவரிடமும் சொன்னேன். அப்புறம் ஒரு நாள், கேனில் அடைத்து இரண்டு வாரம்கூட ஆகாத அதே பீர் கைக்கு வந்தது. பம்ப்ளிமாஸ் தோல், பைன் பிசின், அடியில் வறுத்த ரொட்டி போல மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. வேறு பீர் என்றே நினைத்தேன். அதுவரை நான் திட்டியது எந்தக் கிடங்கிலோ அடித்த வெக்கையையும் எட்டு மாதக் காத்திருப்பையும்தான்.

கிராஃப்ட் பீர் பிரியர்கள் கூடினால் வரும் சண்டையில் பாதி இந்த வகை. ஒருவர் புதிதாகக் குடித்திருப்பார், இன்னொருவர் கிழண்டுபோனதைக் குடித்திருப்பார், இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்லி அடித்துக்கொள்வார்கள்.

அதனால் முதல் தவறு, தேதி பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது. பேல் ஏலின் உயிர், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் வாசனையில் இருக்கிறது, அதுதான் முதலில் பறந்துபோகும். மூன்று மாதத்துக்குள் குடித்துவிட்டால் நல்லது. சில ப்ரூவரிகள் அடைத்த தேதியைப் போடுகின்றன, சில 'இதற்குள் குடிக்கவும்' என்ற தேதியை மட்டும் போடுகின்றன, இரண்டாவதை முதலாவது என்று நினைத்து ஏமாறுவது சகஜம். இன்னும் சிலர் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று எண் போடுவார்கள், 045 என்றால் பிப்ரவரி 14. வைத்திருந்த இடமும் முக்கியம். பீர்க்காரர்களிடம் 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு: சுமார் 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், குளிர்பெட்டியில் 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீருக்குச் செய்யும் கெடுதல் ஏறக்குறைய ஒன்று. ஆய்வகத் துல்லியம் இல்லாத தோராயக் கணக்குதான், ஆனால் ஒரு வாரம் வெயில் லாரியில் வந்த பீருக்கு என்ன ஆகியிருக்கும் என்று புரிந்துகொள்ள இது போதும்.

வெளிச்சம் வேறு கதை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் மேல் வெளிச்சம் பட்டால், பீரில் இருக்கும் ரிபோஃபிளேவின் உதவியோடு ஒரு கந்தகச் சேர்மம் உண்டாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்கு நெருங்கிய உறவு அது. நல்ல வெயிலில் சில நிமிஷம் போதும். பழுப்பு பாட்டில் ஓரளவு காப்பாற்றும், பச்சை பாட்டில் பெயருக்குக் காப்பாற்றும், நிறமில்லாத பாட்டில் எதையும் தடுக்காது, கேனுக்கு இந்தக் கவலையே கிடையாது. கேன் என்றால் மட்டம் என்று இன்னமும் நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கொலராடோவின் ஆஸ்கர் ப்ளூஸ் தன் டேல்ஸ் பேல் ஏலை 2002-லேயே கேனில் அடைக்க ஆரம்பித்துவிட்டது.

கிளாஸை ஃப்ரீசரில் வைத்து எடுப்பதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். நாக்கு மரத்துப்போனால் வாசனையும் தெரியாது, குறையும் தெரியாது. தாகத்துக்குக் குடிக்கிறீர்கள் என்றால் சரி, யார் கேட்கப்போகிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு கருத்துச் சொல்லாதீர்கள். அமெரிக்க பேல் ஏலுக்கு 7 முதல் 10 டிகிரி, பிரிட்டிஷ் பீப்பாய் ஏலுக்கு 11 முதல் 13 டிகிரி. 'பிரிட்டிஷ்காரர்கள் சூடான பீர் குடிக்கிறார்கள்' என்ற கிண்டல் இதிலிருந்து வந்ததுதான், நிலவறைக் குளிர்ச்சியை யாரோ சூடு என்று சொல்லிவிட்டார்கள். கிளாஸின் உள்பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே அழுக்கோ எண்ணெயோ இருக்கிறது என்று அர்த்தம். பலர் அதைப் பார்த்து 'நல்ல கேஸ்' என்று சந்தோஷப்படுகிறார்கள்.

குழாயிலிருந்து ஊற்றும் பீரைத்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். புதிதாக இருக்கும் என்ற எண்ணம். அந்தக் குழாயைக் கடைசியாக யார், எப்போது கழுவினார்கள் என்று தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவ வேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் சொல்லும் முறை. கழுவாத குழாயில் பாக்டீரியா குடியேறினால் பீரில் புளிப்பும், டயசெட்டில் என்ற பொருளின் வெண்ணெய் பாப்கார்ன் வாசனையும் ஏறும். இதில் ஒரு சிக்கல், டயசெட்டிலை ஈஸ்ட்டும் உண்டாக்கும். நொதித்தல் முடிகிற நேரத்தில் அவசரப்படாமல் விட்டால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அவசரப்பட்டால் பீரிலேயே தங்கிவிடும், அப்போது தப்பு ப்ரூவரியுடையது. எது யார் தப்பு என்று ஒரு கிளாஸை வைத்துச் சொல்ல முடியாது. அதே பீரை வேறு இடத்தில், முடிந்தால் கேனில், இன்னொரு தடவை குடித்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் தவறுக்கு வருகிறேன். பேல் ஏல் என்று எழுதியிருப்பதை எல்லாம் ஒரே தராசில் வைப்பது. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் கல்கரி (கோக்) எரித்து மால்ட்டை உலர்த்தத் தொடங்கிய பிறகுதான் புகையும் கருகலும் குறைந்த வெளிர் மால்ட் தாராளமாகச் செய்ய முடிந்தது, அன்றைய பழுப்பு பீர்களுக்குப் பக்கத்தில் வைத்தால் அதில் காய்ச்சிய ஏல் வெளிர். அதனால்தான் 'பேல்', அதாவது வெளிர், என்ற பெயர். இன்றைய வெளிர்மஞ்சள் லாகர் பீருக்குப் பக்கத்தில் வைத்தால் செம்புநிறமாகத் தெரியும், 'என்னடா பேல் என்று போட்டுவிட்டு இவ்வளவு நிறம்' என்று கேட்கத் தோன்றும். யார்க்‌ஷயரின் டிமோதி டெய்லர் காய்ச்சும் லேண்ட்லார்ட் இந்தப் பழைய குடும்பத்தைச் சேர்ந்தது. மால்ட் முன்னால் நிற்கும், ஹாப்ஸ் மண்வாசனையும் பூவாசனையுமாகப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். கலிபோர்னியாவின் சிகோ ஊரில் 1980-இல் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடாவின் பேல் ஏல் வேறு குடும்பம். அதன் முகமே காஸ்கேட் ஹாப்ஸ். அமெரிக்க வேளாண் துறையின் ஒரிகன் திட்டத்தில் உருவாகி 1972-இல் வெளிவந்த ரகம் அது. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் 1975-இல் லிபர்ட்டி ஏலில் அதைப் பயன்படுத்தியது, ஆனால் பம்ப்ளிமாஸ் மணம் என்றால் பேல் ஏல் என்று ஊர் உலகத்தின் மூக்கில் பதியவைத்தது சியரா நெவாடாதான். இதைக் குடித்துப் பழகிய ஒருவர் லேண்ட்லார்டைக் குடித்துவிட்டு 'ஹாப்ஸ் போதவில்லை' என்று எழுதினால், ரசத்தில் பருப்பு கெட்டியாக இல்லை என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

அடிலெய்டின் கூப்பர்ஸ் ஒரிஜினல் பேல் ஏல் இன்னொரு வகை. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதித்து, அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கும். ஆஸ்திரேலியர்கள் பாட்டிலைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டி, வண்டலைக் கலந்துவிட்டுத்தான் குடிப்பார்கள். கலங்கலாக இருக்கிறதே, கெட்டுவிட்டது என்று அதை யாராவது ஊற்றிக் கொட்டியிருந்தால் பாவம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, கலங்கல் என்றாலே புதுசு, நல்லது என்று நம்புவது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பாணி பேல் ஏல்களின் கலங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் ஓட்ஸ், கோதுமையின் புரதமும் ஹாப்ஸின் பாலிஃபீனாலும் பிணைவதுதான், அதற்கும் தரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

கசப்பு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஐபியு என்பது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்புப் பொருள் என்பதைத் தோராயமாகச் சொல்லும் எண், நாக்குக்கு எவ்வளவு கசக்கும் என்று சொல்லாது. சியரா நெவாடா பேல் ஏல் 38 ஐபியு. மால்ட் இனிப்பு நிறைந்த ஒரு கனமான பார்லி வைனில் (பெயர்தான் வைன், அதுவும் பீர்தான்) 60 இருந்தாலும் இதைவிடக் கசப்பு குறைவாகத் தெரியலாம்.

'இந்தியாவுக்கு வரும் கப்பல் பயணத்தில் கெடாமல் இருக்க ஐபிஏவை, அதாவது இந்தியா பேல் ஏலை, கண்டுபிடித்தார்கள்' என்ற கதையைச் சொல்லி மேதாவித்தனம் காட்டுபவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். கறுப்பு போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் அதே தூரம் வந்தது, கெட்டுப்போகவில்லை. லண்டனின் போ ப்ரூவரியை நடத்தி இந்தியாவுக்குப் பேல் ஏல் அனுப்பிய ஹாட்ஜ்சனுக்கு அனுகூலமாக இருந்தது, கிழக்கிந்தியக் கப்பல்துறைக்குப் பக்கத்தில் இருந்ததும் கப்பல் கேப்டன்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்ததும்தான். வியாபாரக் கதை, கண்டுபிடிப்புக் கதை இல்லை. பிறகு 1820-களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் ப்ரூவரிக்காரர்கள், ஆல்சாப் முதலானவர்கள், உள்ளே வந்து அந்தச் சந்தையைப் பிடித்தார்கள்.

பர்ட்டன் என்றதும் தண்ணீர் ஞாபகம் வரும். அந்த ஊர் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம், அதிலிருக்கும் சல்ஃபேட் ஹாப்ஸ் கசப்பை வெட்டியதுபோல் சுத்தமாகக் காட்டும். உண்மைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு 'அந்த வட்டாரத் தண்ணீரில்தான் வரும், வேறெங்கும் வராது' என்று பேசுவது பழைய பேச்சு. இன்று எந்த ப்ரூவரியும் தண்ணீரில் உப்புகளைச் சேர்த்துத் தனக்கு வேண்டியபடி ஆக்கிக்கொள்ளும், அதற்குப் பர்ட்டன் பெயரிலேயே ஒரு சொல்கூட உண்டு. வட்டார ப்ரூவரி என்றால் வட்டாரச் சுவை என்று நினைப்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் ஹாப்ஸின் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைகிறது, ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் ப்ரூவரியும் அங்கிருந்துதான் வாங்கும். சியரா நெவாடாவோடு பெயர்பெற்ற 'சிகோ' ஈஸ்ட்டைக் கண்டம்விட்டுக் கண்டம் எத்தனையோ பேர் பயன்படுத்துகிறார்கள். வட்டாரத்தன்மை என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் காய்ச்சுபவரின் பழக்கத்திலும், அந்த ஊர்க்காரர்கள் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதிலும்தான்.

அளவு விஷயத்திலும் குழப்பம். ப்ரூவர்ஸ் அசோசியேஷன் கணக்கில் வருடத்துக்கு 15,000 பீப்பாய் முதல் 60 லட்சம் பீப்பாய் வரை காய்ச்சுவது எல்லாம் 'ரீஜனல்', அதாவது வட்டார, ப்ரூவரி. ஒரு அமெரிக்கப் பீப்பாய் சுமார் 117 லிட்டர். அதாவது 17 லட்சம் லிட்டர் காய்ச்சுபவரும் 70 கோடி லிட்டர் காய்ச்சுபவரும் ஒரே சொல்லுக்குள். 'சின்ன ஊர், சின்ன ஆள், அதனால் கையால் செய்த சுவை' என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. பெரிய ப்ரூவரிகளுக்கு ஒரு பலம், நூறாவது தடவையும் அதே பீரைக் காய்ச்சத் தெரியும். அதை மதிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

அப்புறம், ப்ரூவரியைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டான் என்ற கோபம். கூஸ் ஐலண்ட் 2011-இல் ஆன்ஹாய்சர்-புஷ் கைக்குப் போனது, லகுனிடாஸ் 2017-இல் முழுதாக ஹைனகெனுக்குப் போனது, அதே வருடம் ஆங்கரை சப்போரோ வாங்கி 2023-இல் மூடியது. பணம் யாருக்குப் போகிறது என்று பார்த்து வாங்குவது உங்கள் உரிமை, நானும் பார்ப்பதுண்டு. ஆனால் விற்ற செய்தி வந்த மறுநாளே 'சுவை மாறிவிட்டது' என்று சொல்பவர்கள், கிடங்கில் இருந்த பழைய சரக்கையே குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக வரிசை. ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூடிய இரட்டை ஐபிஏ குடித்துவிட்டு அதே நாக்கோடு 4 சதவீத ஆல்கஹால் உள்ள பேல் ஏலுக்கு வந்தால் அது தண்ணீராகத்தான் தெரியும். லேசானது முதலில், கனமானது பிறகு, சின்ன அளவு, நடுவில் தண்ணீர், நாலைந்துக்கு மேல் போனால் மதிப்பெண் போடுவதை நிறுத்திவிடலாம், அதற்குப் பிறகு பேசுவது நாக்கு இல்லை. நட்சத்திரம் கொடுப்பவர்களிடம் இன்னொரு சாய்வும் உண்டு, கனமானதற்கும் கிடைக்க அரிதானதற்கும் கை தானாக ஐந்துக்குப் போகும், தினமும் குடிக்கத் தோன்றும் அடக்கமான பேல் ஏலுக்கு மூன்றரை.

இரண்டு பீரை உண்மையிலேயே வேறுபடுத்திச் சொல்ல முடிகிறதா என்று தெரிய ப்ரூவரிகளே செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, எது வேறு என்று சொல்ல வேண்டும், ஊற்றுபவர் இன்னொருவராக இருக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தக் கூடாது. நான் முதன்முதலில் உட்கார்ந்தபோது நடுக் கிளாஸைக் காட்டி, இதில் மட்டும் மாம்பழ வாசனை தூக்கலாக இருக்கிறது, ஹாப்ஸை மாற்றியிருக்கிறார்கள் என்று நீளமாக விளக்கம் வேறு கொடுத்தேன். இடப்பக்கக் கிளாஸிலும் அதே பாட்டிலைத்தான் ஊற்றியிருந்தார்கள்.