நாற்காலியை விட்டு சக்கரத்துக்கு

ஒன்பது ஆண்டுகள் கணினி முன் அறிக்கை தட்டினேன். மாலையில் எதை முடித்தோம் என்றே தெரியாது. சட்டென்று வேலையை விடவில்லை. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் ஒரு சைக்கிள் பட்டறையில் சம்பளமில்லாமல் நின்றேன்.

முதலில் கற்றது சக்கரக் கோட்டம் எடுப்பது. ரிம் (வெளிவளையம்) வலப்பக்கம் ஒதுங்கினால், அந்த இடத்தில் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) இடப்பக்கத்திலிருந்து வரும் ஸ்போக் கம்பியை இறுக்க வேண்டும். கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு மரையான நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பக்கூடாது. நான் அவசரப்பட்டு முழுச் சுற்று திருப்பினேன். கோட்டம் மறுபக்கம் போனது. 36 கம்பிகளையும் தளர்த்தி மறுபடி தொடங்கினேன். (பொறுமையை அங்கேதான் கற்றேன்.)

அன்றிரவு அந்தச் சக்கரம் ஆடாமல் சுழன்றது. மறுவாரம் ராஜினாமா கொடுத்தேன். வருமானம் குறைந்தது உண்மைதான். அதற்கேற்பச் செலவைச் சுருக்கிக்கொண்டேன். இப்போது பட்டறையில் சக்கரம் கட்டுவது என் வேலை.