டிவியில படம் இழுக்காம, பேச்சு தெளிவா கேக்க என்ன செட்டிங் வைக்கணும்

நம்ம தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் நெறைய வீட்டுல பெரிய டிவி வாங்கி சுவத்துல மாட்டிடுறாங்க, ஆனா படம் பக்கவாட்டுல இழுத்து எல்லார் மூஞ்சியும் உப்பிப்போய்தான் தெரியுது, அப்படியே பாத்துப் பழகியும் போச்சு. ரிமோட்ல அஞ்சு நிமிஷ வேலைதான், சரி பண்ணிக்கங்க.

இப்ப வர்ற டிவி ஸ்கிரீன் எல்லாம் 16:9, அதாவது அகலம் 16 பங்குன்னா உயரம் 9 பங்கு. பழைய படங்கள், அந்தக் காலத்து தூர்தர்ஷன் நிகழ்ச்சி எல்லாம் பெரும்பாலும் 4:3. அதை ஸ்கிரீன் முழுக்க இழுத்து விட்டா அகலம் மட்டும் மூணுல ஒரு பங்கு கூடிரும். பெரிய கோயில் விமானம் 216 அடின்னு பெருமையா சொல்றோம், அதைப் போயி குட்டையா குந்தவச்சு பாக்கலாமா? வட்டமா இருக்குற எதையாவது பாருங்க, சுவர்க்கடிகாரம், தவிலோட வலந்தலை, சானல் லோகோ, எதுன்னாலும் சரி, வட்டம் முட்டையாட்டம் தெரிஞ்சா படம் இழுபடுதுன்னு அர்த்தம்.

எல்லாரும் டிவி மெனுவுலயே தேடுவாங்க, மொதல்ல பாக்க வேண்டியது கேபிள் பாக்ஸ். பாக்ஸ் செட்டிங்ல டிவி டைப் 4:3ன்னே கிடக்கும், டிவி 16:9ல இருக்கும், அப்ப மேல கீழ கறுப்புப் பட்டையும் வரும் படமும் இழுக்கும், டிவியில மட்டும் மாத்தினா முழுசா தீராது. பாக்ஸ்ல 16:9 வைங்க, பில்லர்பாக்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருந்தா அதையும் எடுங்க, 4:3 படம் வரும்போது ரெண்டு பக்கமும் கறுப்பா விட்டு ஒழுங்கா காட்டும். மஞ்சள் செவப்பு வெள்ளை வயர்லயே இன்னும் ஓடுதுன்னா, படமும் சத்தமும் ஒரே வயர்ல போற ஹெச்டிஎம்ஐக்கு மாறிடுங்க, பாக்ஸ்ல அந்த ஓட்டை இருந்தா போதும்.

அடுத்தது நியூஸ் சானல் போடுங்க. கீழ ஓடுற வரியில மேட்டூர் நீர்மட்டம் போகும், நம்ம ஊர்ல அதைப் பாக்காதவங்க யாரு, அந்த எழுத்தோட அடிப்பாகம் அறுந்து தெரிஞ்சா அது ஓவர்ஸ்கேன், டிவி நாலு ஓரத்தையும் வெட்டிட்டு மிச்சத்தைப் பெருசாக்கிக் காட்டுது. எல்ஜில ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்ல ஃபிட் டு ஸ்கிரீன், சோனில ஃபுல் பிக்சல்னு இருக்கும், அதை ஆன் பண்ணா முழு வரியும் தெரியும், படமும் கொஞ்சம் கூர்மையாகும்.

ஜூம் மட்டும் வேணாங்க. 4:3 படத்தை ஜூம் பண்ணா உயரத்துல கால்வாசி போயிரும், ஆடுறவங்க காலும் தெரியாது தலையும் தெரியாது. சினிமாஸ்கோப் படத்துக்கு மேல கீழ கறுப்பு வரத்தான் செய்யும், அது டிவியை விட அகலமா எடுத்தது. தமிழ்ல மொத சினிமாஸ்கோப் படம் 1973ல வந்த ராஜராஜ சோழன், நம்ம ஊர் கதை, அதை ஜூம் பண்ணி ரெண்டு ஓரத்தையும் வெட்டிப் பாக்குறது எனக்கு மனசு ஒப்பவே ஒப்பாது.

சவுண்டுக்கு வருவோம். பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்குது, பேசுறது மட்டும் கேக்கலன்னு வீட்டுப் பெரியவங்க சொல்றது உண்மைதான். 5.1 சவுண்டுல, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்னு பிரிச்சு வர்ற சத்தத்துல, வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குன்னு தனியா வரும், டிவியில இருக்குறது ரெண்டே ஸ்பீக்கர், அதுவும் பல மாடல்ல கீழ பாத்து இருக்கும், எல்லாத்தையும் ரெண்டுல அடைக்கும்போது வசனம் அமுங்கிருது. பாக்ஸ்லயோ ஆப்லயோ ஆடியோவ ஸ்டீரியோ (இடது வலதுன்னு ரெண்டே பக்க சத்தம்) இல்ல பிசிஎம்னு மாத்திப் பாருங்க, டிவியில சத்தம் சுத்தி வர்ற மாதிரி காட்டுற சரவுண்ட ஆஃப் பண்ணிட்டு, பேச்சைத் தூக்கிக் காட்டுற கிளியர் வாய்ஸ் ஆன் பண்ணுங்க, வித்தியாசம் உடனே தெரியும்.

ஆனா கச்சேரி கேக்கும்போது கிளியர் வாய்ஸ் கூடாது. ஜனவரியில திருவையாறு ஆராதனை ஒளிபரப்பு பாக்குறவங்க ஸ்டாண்டர்டு இல்ல மியூசிக் மோடு வச்சு, சரவுண்ட், ஆட்டோ வால்யூம் ரெண்டையும் ஆஃப் பண்ணிருங்க. சரவுண்டுல குரல் நடுவுல நிக்காம கலைஞ்சுபோகும். ஆட்டோ வால்யூம் விளம்பரம் கத்தாம இருக்க நல்லது, ஆனா தனி ஆவர்த்தனத்துல மெல்ல வாசிக்கிறதும் ஓங்கி அடிக்கிறதும் ஒரே அளவுல கேக்கும், அப்புறம் அதுல என்ன ருசி?

ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தா மெனுவுல பேலன்ஸ் நடுவுல இருக்கான்னு பாருங்க, பழைய வயர்னா வெள்ளை இடது, செவப்பு வலது, ஒண்ணு கழண்டிருக்கும். ஹெட்போன் போட்டுப் பாக்குற, ஒரு காது மந்தமா இருக்குறவங்களுக்கு மோனோ ஆடியோ இருந்தா அதை வைங்க, ரெண்டு பக்கத்து சத்தமும் ஒண்ணா வரும்.

சவுண்ட்பாரை (டிவிக்குக் கீழ வைக்கிற நீள ஸ்பீக்கர்) ஹெச்டிஎம்ஐ வயர்ல மாட்டுறவங்க ஏஆர்சின்னு எழுதியிருக்குற ஹெச்டிஎம்ஐ ஓட்டையிலதான் சொருகணும், அது வழியாத்தான் டிவி சத்தம் வெளிய போகும். டிவியில சிஇசி, அதாவது ஹெச்டிஎம்ஐ கருவிங்க ஒண்ணையொண்ணு இயக்குற வசதி, ஆன்ல இருக்கணும்.

இன்னொண்ணு, பல டிவியில செட்டிங் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியா சேவ் ஆகும். கேபிளுக்கு வச்சது யூடியூப்புக்கோ பென்டிரைவுக்கோ வராது, அங்கயும் ஒருதடவ போயி வச்சிருங்க.