மூச்சுப் போகும் வழியே மருத்துவ ஆங்கிலம்

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு மருத்துவபீடத்துக்கோ தாதியர் பயிற்சிக்கோ போகும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு முதல் மாதமே ஒரு தடுமாற்றம் வரும். வாதனாளி (மூச்சுக்குழல்) தெரியும், சிற்றறை (சுவாசப்பையின் நுண்ணிய காற்றுப்பை) தெரியும். ஆனால் விரிவுரையில் ட்ரக்கியா, அல்வியோலை என்று காதில் விழுந்ததும் எல்லாம் புதுப் பாடம்போலத் தோன்றும். உறுப்பு உங்களுக்குப் பழையது, பெயர்தான் புதியது. ஆகவே அகரவரிசைப் பட்டியலை வைத்து மனனம் செய்யாதீர்கள். காற்று மூக்கில் நுழைந்து சிற்றறை வரை போகும் வழியிலேயே சொற்களையும் வரிசைப்படுத்துங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் அந்த வழியை வரையுங்கள். படம் அழகாக இருக்கத் தேவையில்லை. பத்து இடங்களுக்கு எண் போடுங்கள்: நேசல் கவிட்டி (மூக்குக்குழி), ஃபாரிங்ஸ் (தொண்டை), எப்பிகுளோட்டிஸ் (குரல்வளை மூடி), லாரிங்ஸ் (குரல்வளை), ட்ரக்கியா (வாதனாளி), பிரொங்கஸ் (வாதனாளியின் கிளைக்குழாய்), பிரொங்கியோல் (அதன் நுண்கிளை), அல்வியோலஸ் (சிற்றறை), ப்ளூரா (சுவாசப்பையை மூடும் சவ்வு), டயஃப்ரம் (பிரிமென்றகடு). பெயரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். தினமும் எண்ணைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகச் சொல்லி, பிறகு எழுத்துக்கூட்டி எழுதிப் பார்க்க இருபது நிமிடம் போதும்.

ஒவ்வொரு பெயருடனும் ஓர் உண்மையைச் சேர்த்துப் படித்தால் சொல் நழுவாது. ட்ரக்கியா 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம். அதில் ஆங்கில ‘சி’ வடிவத்தில் 16 முதல் 20 கசியிழைய வளையங்கள் இருக்கின்றன. வளையத்தின் திறந்த பக்கம் பின்னால், உணவுக்குழாயை நோக்கி இருக்கும். வலப்பக்கப் பிரொங்கஸ் அகலமாகவும் குட்டையாகவும் நேராகவும் இறங்குவதால், சின்னப்பிள்ளை விழுங்கப்போய்ச் சிக்கும் கச்சான்கொட்டை பெரும்பாலும் அந்தப் பக்கமே போகும். வலச் சுவாசப்பையில் மூன்று லோப் (சோணை), இடச் சுவாசப்பையில் இரண்டு. ‘லெஃப்ட் மிடில் லோப்’ என்று கொப்பியில் எழுதியிருந்தால் எழுதியவருக்குப் பாடம் புரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஒலிப்பு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். எழுத்தில் இருப்பதெல்லாம் வாயில் வராது. நியூமோனியாவின் தொடக்கத்தில் ‘பீ’ எழுத்து இருக்கிறது, ஒலிக்காது. அதே ‘பீ’ டிஸ்ப்னியாவின் (மூச்சுத்திணறல்) நடுவில் வரும்போது ஒலிக்கும். அஸ்மாவில் ‘ரீ-எச்’ ஊமை. டயஃப்ரத்திலும் ஃப்ளெமிலும் (நெஞ்சுச்சளி) ‘ஜீ’ ஊமை. பிரொங்கஸ், ட்ரக்கியா இரண்டிலும் ‘சீ-எச்’ எழுத்துக்குக் ககர ஒலி. லாரிங்ஸை ‘லார்னிக்ஸ்’ என்று புரட்டிச் சொல்லும் பழக்கம் பரவலாக உண்டு. ‘ரிங்ஸ்’ என்று முடித்தால் சரியாக வரும். பன்மையையும் கூடவே படியுங்கள்: பிரொங்கஸ் பிரொங்கை ஆகும், அல்வியோலஸ் அல்வியோலை ஆகும், ப்ளூரா ப்ளூரீ ஆகும்.

எழுத்துக்கூட்டலில் ஓர் எச்சரிக்கை. இலங்கை வைத்தியசாலைகளில் பிரித்தானிய முறையே வழக்கம், டிஸ்ப்னியாவின் கடைசியில் ‘ஓ, ஈ, ஏ’ மூன்றும் வரும். நீங்கள் கைபேசியில் பார்க்கும் அமெரிக்கக் காணொளிகளில் அந்த ‘ஓ’ இருக்காது. இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

பத்துப் பெயரும் வசமானதும் சொற்களை உடைக்கப் பழகுங்கள். சொல்லின் முடிவிலிருந்து தொடங்குவதே நல்லது. ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி: லாரிஞ்சைட்டிஸ், பிரொங்கைட்டிஸ், ரைனைட்டிஸ் (மூக்கு அழற்சி). ‘ஓசிஸ்’ என்றால் ஒரு நிலை அல்லது நோய்: சயனோசிஸ் (உடல் நீலம் பாய்தல்), ட்யூபர்கியுலோசிஸ் (காசநோய்). வயல் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பற்றீரியாவால் வரும் மெலியோய்டோசிஸும் இந்த வகைப் பெயரே. அது நியூமோனியாவாகவே வெளிப்படக்கூடும் என்பதால் நெல் விளையும் நம் மாவட்டங்களில் வேலை செய்பவருக்கு அந்தப் பெயர் பழகியிருக்க வேண்டும். ‘எக்டமி’ வெட்டி அகற்றுவது, ‘ஒட்டமி’ வெட்டித் திறப்பது, ‘ஒஸ்டமி’ திறந்த வாயை அப்படியே வைத்திருப்பது. லோபெக்டமி (ஒரு லோப்பை அகற்றுவது), தொரக்கோட்டமி (நெஞ்சறையைத் திறப்பது), ட்ரக்கியோஸ்டமி (வாதனாளியில் வாய் வைப்பது) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் வேறுபாடு தெரியும்.

‘ப்னியா’ என்பது மூச்சு. அதன் முன்னால் ‘ஏ’ வந்தால் மூச்சே இல்லை, ‘டிஸ்’ வந்தால் கஷ்டம், ‘டக்கி’ வந்தால் வேகம், ‘பிரடி’ வந்தால் மந்தம், ‘ஓர்த்தோ’ வந்தால் நிமிர்ந்திருந்தால்தான் மூச்சு. இவற்றில் டிஸ்ப்னியா நோயாளி உணர்ந்து சொல்வது, டக்கிப்னியா நீங்கள் எண்ணிக் கண்டுபிடிப்பது. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு சாதாரணம். பிள்ளைகளில் இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவதை விட்டுவிடுங்கள். சின்னப்பிள்ளையின் மூச்சு ஒரே சீராக இராது, முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

‘நியூமோ’ கொஞ்சம் ஏமாற்றும். நியூமோனியாவில் அது சுவாசப்பை, நியூமோதொரக்ஸில் (சுவாசப்பையைச் சுற்றிக் காற்று சேர்வது) அது காற்று. ‘ஹைப்போ’வும் ‘ஹைப்பர்’ரும் தொலைபேசியில் ஒன்றுபோலவே கேட்கும். சொன்னவரிடம் ‘குறைவா, கூடவா?’ என்று திருப்பிக் கேளுங்கள். டிஸ்ஃபேஜியா விழுங்கக் கஷ்டம், டிஸ்ஃபேசியா பேசக் கஷ்டம். ஓர் ஒலி மாறினால் நோயாளி வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார்.

இனித்தான் உண்மையான வேலை: நோயாளியின் வாய்ச்சொல்லை ஆங்கிலக் குறிப்பாக்குவது. ‘முட்டு’ என்று ஒருவர் சொன்னதும் அஸ்மா என்று எழுதிவிடாதீர்கள். சிலர் முட்டு என்பது நோயை, சிலர் அந்த நேரத்து மூச்சுத்திணறலை. “மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு மிஸ்ஸி” என்றால் அது டிஸ்ப்னியா. “படுத்தா முட்டுதா அம்மா? எத்தனை தலையணை வைச்சுப் படுக்கிறீங்க?” என்று கேட்டு, ஆம் என்றால் ஓர்த்தோப்னியா, தலையணை எண்ணிக்கையோடு. மூச்சு விடும்போது விசில்போலக் கேட்பது வீஸ். உள்ளே இழுக்கும்போது கரகரவென்று கேட்பது ஸ்ட்ரைடோர். அது மேல்மூச்சுப் பாதை அடைபடுவதைக் காட்டும், உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டிய சொல்.

‘சளி’ நாலு சொல்லாகப் பிரியும். தடிமனோடு வரும் சளிபிடிப்பு கோல்ட். சவ்வுகளில் சுரப்பது மியூக்கஸ். நெஞ்சில் கட்டி நிற்பதை நோயாளியிடம் பேசும்போது ஃப்ளெம் என்பார்கள். இருமி வெளியே துப்பி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது ஸ்பியூட்டம். காலையில் ஆழமாக இருமி எடுக்கச் சொல்லுங்கள், எச்சில் வந்தால் மாதிரி வீண். சளியோடு கூடிய இருமலை ‘ப்ரொடக்டிவ் கொஃப்’ என்று எழுதுவார்கள். அதைத் தமிழில் ‘பயனுள்ள இருமல்’ என்று நினைத்தவர்கள் உண்டு.

‘ரத்தமா வந்தது’ என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. இருமலோடு வந்தால் ஹீமொப்டிசிஸ், வாந்தியோடு வந்தால் ஹீமட்டெமிசிஸ். முதலாவது பெரும்பாலும் நுரையோடு பிரகாசமான சிவப்பு, இரண்டாவது கோப்பித்தூள் நிறத்திலும் வரலாம். கேட்காமல் எழுதினால் வைத்தியர் வேறு உறுப்பைத் தேடுவார். ‘நெஞ்சு நோவுது’ என்பதிலும் அப்படித்தான். விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூச்சை இழுக்கும்போது குத்துகிறதா என்று கேளுங்கள், குத்தினால் ‘ப்ளூரிட்டிக்’ என்று சேர்த்து எழுதுங்கள். நெஞ்செரிவு அங்கே சேராது, அது ஹார்ட்பேர்ன்.

சயனோசிஸ் என்று எழுதுமுன் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பாருங்கள். நம் தோல் நிறத்தில் கன்னம் எதையும் காட்டாது. ‘எக்ஸ்பயர்’ என்ற சொல்லுக்கு மூச்சை வெளியே விடுவதும் இறந்துபோவதும் இரண்டுமே பொருள். நோயாளிக் குறிப்பில் ‘எக்ஸ்பயர்ட்’ என்றிருந்தால் பெரும்பாலும் இரண்டாவது. மூச்சை விடச் சொன்னதைக் குறிக்க ‘பிரீத் அவுட்’ என்று எழுதுங்கள்.